சிங்கி தின்ற கறுப்புச் சாக்லேட்

கரண்ட் எப்போது போகும் என்று கடிகாரம் பார்க்காமலே சொல்லத் தெரிந்த பிள்ளைகள் நாம். ஃபேன் இறக்கை சுணங்க ஆரம்பிக்கும்போதே கை விசிறியைத் தேடிப் போய்விடும். இப்போது முப்பது தாண்டி, காதோரம் நரைமுடியும் எட்டிப் பார்க்கிறது. போன வாரம் என் பள்ளிக்கூடத் தோழி குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் மகன் எங்கள் நாய்க்கு ஒரு சாக்லேட் துண்டை நீட்டினான். நான் பாய்ந்து பிடுங்கிய வேகத்தில் பையன் அழுதேவிட்டான். "சாக்லேட் தானேடி, எதுக்கு இப்படிப் பதர்றே?" என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் ஐந்தாவது முடித்திருந்த கோடை விடுமுறை அது. கடலூரில் எங்கள் வீடு. அம்மாவுக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அப்பா கூடவே இருக்க வேண்டும். அதனால் என்னையும் அப்போது எங்களிடம் இருந்த நாய் சிங்கியையும் சிதம்பரத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவரின் குட்டியானை லோடு வண்டியில், பின்னால் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே சிங்கி, முன்னால் டிரைவர் பக்கத்தில் நான். ஆலப்பாக்கம் தாண்டும் வரை அது குரைத்துக்கொண்டே வந்தது. அப்புறம் வாந்தி எடுத்தது. அப்புறம் மறுபடி குரைத்தது.

சுனாமி வந்த மறுவருஷம் அப்பா தேவனாம்பட்டினத்திலிருந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி சிங்கி. வெந்த சிங்கி இறால் நிறத்தில் இருக்கிறது என்று அம்மா வைத்த பேர். கிளம்பும் முன்னால் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அம்மா படுக்கையிலிருந்தபடியே, "சிங்கியப் பாத்துக்க பாப்பா. நான் வந்ததும் அது என்னைத் தேடும்" என்றாள். அம்மா வருவாளா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். சிங்கி நன்றாக இருந்தால் அம்மாவும் நன்றாக இருப்பாள் என்று நானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். பத்து வயதில் அப்படித்தான் தோன்றும். யாரிடமும் சொல்லவில்லை.

அத்தை வீடு கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று கை நீட்டினால் தொட்டுக்கொள்ளலாம், அவ்வளவு குறுகல். சிங்கியைப் பின்கட்டில் அடிபம்புக்குப் பக்கத்தில் கட்டினோம். கோயில் மணி அடித்தால் குரைக்கும். பால்காரர் வந்தால் குரைக்கும். எதிர்வீட்டில் ரிட்டையர் ஆன வாத்தியார் ஒருவர் இருந்தார். சந்தில் எல்லோருக்கும் அவர் 'சார்'. அவர் தும்மினால்கூடக் குரைக்கும்.

"நாயா அது, லவுட் ஸ்பீக்கரா?" என்று வாசலில் நின்று கேட்பார் சார். ஒருநாள் கையில் எலி மருந்துப் பொட்டலத்தோடு கடையிலிருந்து வந்தவர், அதை அத்தை பார்க்கும்படி தூக்கிக் காட்டினார். "எலி புஸ்தகத்தையெல்லாம் கடிச்சி வச்சிருக்கு. எலிக்குத்தான் வாங்கினேன். இன்னும் ரெண்டு நாள் இப்படிக் கொலச்சிதுன்னா வேற யாருக்கு வைக்கிறதுன்னு எனக்குத் தெரியும்."

"வாய்க் கொழுப்பப் பாரு" என்று அத்தை கதவைச் சாத்தினாள். சார் விளையாட்டுக்குச் சொன்னாரா, கோபத்தில் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து சிங்கி தட்டில் வைக்கும் சோற்றை நான் முதலில் மோந்து பார்ப்பேன்.

அத்தையின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, துபாயிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வழக்கமாக அவர் வந்தால் வீடே மணக்கும். சோப்பு, சென்ட்டு, பூப்போட்ட கனத்த போர்வை, தங்கக் காகிதம் சுற்றிய உருண்டைச் சாக்லேட்டு எல்லாம் வரும். அந்த முறை பெட்டி சின்னது. சாக்லேட்டும் வேறு மாதிரி. அட்டைப் பெட்டிக்குள் செங்கல் போல அடுக்கிய கறுப்புப் பாளங்கள். ஆசையாகக் கடித்த நான் முகத்தைச் சுளித்தேன். காபிப் பொடியை அப்படியே வாயில் கொட்டிக்கொண்ட மாதிரி கசப்பு. அத்தை மகள் அப்போது ப்ளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் ஓடிப்போய் வாய் கொப்பளித்தாள்.

"இன்னாப்பா இது, லேகியம் மாதிரி இருக்கு?"

மாமாவின் முகம் சுருங்கிப் போனது. "இது எவ்ளோ ஒசத்தி தெரியுமா? வெல ஜாஸ்தி. வெள்ளக்காரன் இதத்தான் திங்கிறான். உங்களுக்கு சக்கரய அள்ளிக் கொட்டுனாத்தான் சாக்லேட்டு."

பெட்டி ஃப்ரிட்ஜுக்குப் போனது. கரண்ட் போகும்போது இளகும். வந்ததும் இறுகும். நாலைந்து நாளில் அதன்மேல் வெள்ளையாகப் படலம் படிந்துவிட்டது. "பூஞ்சக்காளான் பூத்துருச்சிம்மா, தூக்கிப் போடு" என்றாள் அக்கா. மாமா எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

நான் அங்கே இருந்த இரண்டு வாரமும் மாமா ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு சந்து முனைக்குப் போவார். பேசாமலே திரும்பி வருவார். "சிக்னல் இல்ல" என்பார். நன்றாக எரிகிற லைட்டைக் கழற்றித் துடைப்பார். நட்டநடு வெயிலில் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார். யாராவது "எப்ப கெளம்பறீங்க?" என்று கேட்டால், "விசா ரெடியாகுது, அடுத்த மாசம்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். துபாய்க்காரர் என்ற தலைக்கனம், வீட்டில் கால் தரிக்கவில்லை என்று அத்தை முணுமுணுப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் தன் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து நானும் அத்தையும் சிமெண்ட் தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்தோம். கரண்ட் போயிற்று. கண் சொருகும்போது ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் பின்கட்டில் மாமாவின் குரல். யாரிடமோ போனில் கொஞ்சிப் பேசுகிறார் போல இருந்தது. அப்புறம் தூங்கிப் போனேன். எழுந்தபோது மாமா வீட்டில் இல்லை. ஒருத்தரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார் என்றாள் அத்தை.

பின்கட்டில் சங்கிலிச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

போய்ப் பார்த்தால் சிங்கி அடிபம்பைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. சங்கிலி பம்பில் சுற்றிக்கொண்டு கழுத்தை இழுக்க, மறுபக்கமாகச் சுற்றியது. நாக்கு ஒரு முழம் வெளியே. தண்ணீர் வைத்த குண்டான் காலி. நான் அடித்து ஊற்ற ஊற்ற குடித்தது. குடித்த உடனே ஒண்ணுக்குப் போனது, மறுபடி நடந்தது. "சிங்கி, உக்காரு" என்றேன். எப்போதும் என் சொல்லுக்கு உட்காரும். இப்போது என்னைப் பார்த்தது, ஆனால் பார்த்த மாதிரி இல்லை. நெஞ்சில் கை வைத்தேன். உள்ளே ஏதோ தப்பிக்கப் பார்க்கிற மாதிரி அடித்துக்கொண்டது. பிறகு வாந்தி எடுத்தது. கருஞ்சிவப்பாக, கூழ் போல.

"அத்தே! சிங்கி ரத்த வாந்தி எடுக்குது!"

அத்தை ஓடி வந்தாள். ஒரு கணம் நின்று பார்த்தாள். "பாவி வச்சிட்டான்டி. எலி மருந்து வச்சிட்டான்" என்றாள்.

அடுப்படியிலிருந்து கைநிறைய கல் உப்பைச் சொம்பில் போட்டுக் கரைத்து வந்தாள். "விஷம் வெளிய வரணும், வாயப் புடி" என்றாள். நான் பிடித்தேன். பாதி சிங்கியின் தொண்டைக்குள் போனது, பாதி மூக்கில் ஏறியது. அது இருமித் திணறியது. அத்தை அழுதுகொண்டே ஊற்றினாள். அந்த நாயைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது. ஊற்றி முடித்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"சார்! வெளிய வாங்க! வாயில்லா ஜீவன் உங்கள என்ன பண்ணுச்சி?"

சார் பனியனுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். "என்னம்மா ஆச்சி?"

"என்ன ஆச்சா? மருந்து வப்பேன்னு நீங்கதான சொன்னீங்க? புள்ள அழுவுது பாருங்க. இதோட அம்மா அங்க ஆஸ்பத்திரியில கெடக்கா. உங்களுக்கு நல்லா இருக்குமா?"

"நான் வைக்கல" என்றார் சார். சந்தில் கதவுகள் திறந்தன. அந்த நேரம் பார்த்து மாமா திரும்பி வந்தார். வெயிலில் எங்கேயோ அலைந்து முகம் கறுத்திருந்தது. 'விஷம்' என்ற சொல்தான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். நேராகப் போய் சாரின் சட்டையைப் பிடித்துவிட்டார். ஒரு பட்டன் தெறித்து சாக்கடையில் விழுந்தது.

சார் அவர் கையைத் தட்டிவிடவில்லை. "யப்பா, என்னை அடிக்கிறதுன்னா அப்புறமா வந்து அடி. நான் எங்கயும் போவல. மொதல்ல அந்த நாயத் தூக்குங்க. ரயிலடி தாண்டி ஒரு மாட்டு டாக்டரம்மா இருக்காங்க, எங்கிட்ட படிச்ச பொண்ணு. ஞாயித்துக்கெழம கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில யாரும் இருக்க மாட்டாங்க. வீடு எனக்குத் தெரியும்."

ஒரே ஆட்டோ. பின்னால் அத்தை, நான், மாமாவின் மடியில் துண்டு சுற்றிய சிங்கி. டிரைவர் சீட்டின் ஓரத்தில் பட்டன் போன சட்டையோடு சார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சிங்கியின் கால்கள் துடித்துக்கொண்டே இருந்தன. மாமா அதன் தலையைத் தடவி, "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்லடா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தேர் வீதி திரும்பும் இடத்தில் ஒரு கல்யாண ஊர்வலம் வழியை அடைத்துக்கொண்டது. அத்தை ஆட்டோவிலிருந்து இறங்கி, பேண்டு வாசிப்பவர்களைக் கைகூப்பி ஒதுக்கினாள். அவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, வாசிப்பை நிறுத்தாமலே ஓரம் போனார்கள்.

டாக்டரம்மா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். சாரைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் முன்னறை மேஜையைக் காலி செய்தார்.

"என்ன சாப்டுச்சி?"

"எலி மருந்து" என்றாள் அத்தை.

"யாரு பாத்தது?"

அத்தை சார் பக்கம் திரும்பினாள். டாக்டரம்மா சிங்கியின் ஈறைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். துண்டில் ஒட்டியிருந்த வாந்தியைக் குனிந்து மோந்தார். மறுபடி மோந்தார்.

"இது ரத்தம் இல்லைங்க. சாக்லேட் வாசன வருது. சாக்லேட் ஏதாவது குடுத்தீங்களா?"

அத்தை, "சாக்லேட்டா? நாய்க்கு யாரு..." என்று ஆரம்பித்து மாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் குடுத்தேன்" என்றார் மாமா. "நல்லாத்தான தின்னுச்சி? சாக்லேட்டுல என்ன இருக்கு டாக்டர்? கொழந்தைங்க திங்கிறதுதானே?"

"கொழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நாய்க்கு அது விஷம். அதுல இருக்கிற ஒரு பொருள் நாய் ஒடம்புல லேசுல கரையாது, நெஞ்சப் புடிச்சி ஆட்டிடும். எந்தச் சாக்லேட்டு? பால் போட்டதா, கறுப்பா?"

"கறுப்பு. ரொம்பக் கசப்பு."

"கறுப்புன்னா இன்னும் மோசம். எவ்ளோ?"

மாமா கையால் பாளத்தின் நீளத்தைக் காட்டினார். பிறகு மெதுவாக, "ரெண்டு" என்றார்.

"எப்ப?"

"மத்தியானம். கரண்ட் போனப்போ."

சார் சுவரில் மாட்டியிருந்த மாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை உட்கார இடம் தேடி, கிடைக்காமல், சுவரில் சாய்ந்தாள்.

டாக்டரம்மா வேகமாக வேலை பார்த்தார். மாமாவை எடை மிஷின்மேல் சிங்கியைத் தூக்கிக்கொண்டு ஏறச் சொன்னார். அப்புறம் தனியாக ஏறச் சொன்னார். ஒரு ஊசி. கரி கலந்த கறுப்பு மருந்தை வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். ஜன்னல் கம்பியில் பாட்டிலை மாட்டி டிரிப்ஸ் ஏற்றினார். "வீட்டுல வேற எதுனா குடுத்தீங்களா?" என்று கேட்டார். அத்தை உப்புத் தண்ணியைச் சொன்னாள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, அந்த உப்பே கொல்லும். மூக்குல ஏறி நுரையீரலுக்குப் போயிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. நீங்களா எதையும் ஊத்தாதீங்க. என்ன தின்னுச்சி, எவ்ளோ தின்னுச்சி, எப்ப தின்னுச்சின்னு தெரிஞ்சிக்கிட்டு, அட்ட கெடந்தா அதையும் எடுத்துக்கிட்டு நேரா ஓடியாங்க. தின்னதும் ஒண்ணும் தெரியாது. நல்லாத்தான இருக்குன்னு ஒக்காந்துடக் கூடாது. சீக்கிரம் வந்திருந்தா, முறையா நானே வாந்தி எடுக்க வச்சிருப்பேன்."

இன்றைக்கு யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான்.

டிரிப்ஸ் இறங்க இறங்க சிங்கியின் கால் துடிப்பு குறைந்தது. நான் அதன் காதருகே, "அம்மா வந்துடுவா, அம்மா வந்துடுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சாக்லேட் துபாயிலிருந்து வந்தது என்று அத்தை சொல்லியிருந்தாள். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே மாமாவிடம் கேட்டார்.

"துபாயிலேர்ந்து லீவுல வந்திருக்கீங்களா? எப்ப கெளம்பறீங்க? அதுக்குள்ள இத ரெண்டு மூணு தடவ கொண்டாந்து காட்டணும்."

மாமா சிங்கியின் காலைப் பிடித்தபடி நின்றிருந்தார். 'அடுத்த மாசம்' என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். வாயும் அப்படித்தான் திறந்தது.

"நான் எங்கயும் போவல டாக்டர். கம்பெனிய மூடிட்டாங்க. எல்லாரையும் அனுப்பிட்டாங்க. எத்தன தடவ வேணும்னாலும் கொண்டாரேன்."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. டாக்டரம்மா உள்ளேயிருந்து கொண்டுவந்து போட்ட ஒரே நாற்காலியில் சார் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து, அதை அத்தை பக்கம் தள்ளிவிட்டு வெளியே போனார்.

அந்தக் கறுப்புப் பாளங்கள் மாமா கடையில் வாங்கியவை இல்லை. கடைசி நாளில் கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து அவருக்குக் கொடுத்தவை. பல வருஷம் கழித்து அத்தைதான் சொன்னாள். நாங்கள் வாய் கொப்பளித்ததும், பூஞ்சக்காளான் என்றதும் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? குப்பையில் போட மனசு வராமல், ஆசையாகத் தின்ன ஒரு ஜீவன் கிடைத்ததே என்று ஊட்டியிருக்கிறார். நாங்கள் தலைக்கனம் என்று நினைத்ததெல்லாம் பயம். மகளை இனி எப்படிப் படிக்க வைப்பது என்ற பயம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் டாக்டரம்மா எங்களை அனுப்பினார். "இதோட ஒண்ணுக்கு உள்ள தங்கக் கூடாது, அந்த விஷம் திரும்ப ரத்தத்துல சேந்துடும். அடிக்கடி வெளிய நடத்திக் கூட்டிட்டுப் போங்க. தண்ணி நெறைய வைங்க. காலையில கொண்டாங்க" என்றார்.

ஆட்டோவில் மாமா முன்பக்கம் பார்த்துச் சொன்னார். "சார், தெரியாமச் சட்டையப் புடிச்சிட்டேன்."

சார் திரும்பாமலே, "பட்டன் ஒண்ணு போச்சி. அத தச்சிக் குடுத்துடச் சொல்லு" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா இந்த நாய் கொலைக்கிறது ஜாஸ்திதான். அதுல எனக்கு மாத்தமே இல்ல" என்றார். அத்தை சிரித்துவிட்டு, உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

காலையில் நான் கண் விழித்தபோது சங்கிலிச் சத்தம் இல்லை. அதுதான் என்னை எழுப்பியது. பின்கட்டுக்கு ஓடினேன். சிங்கி பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருந்தது. கிட்டே போகப் பயமாக இருந்தது. முட்டி போட்டு, விலாவில் கையை வைத்தேன். ஏறியது, இறங்கியது. நிதானமாக. கை பட்டதும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, வாலால் தரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி தூங்கியது. நான் அங்கேயே அதன் பக்கத்தில் ஈரத்தரையில் படுத்துக்கொண்டேன்.

அம்மா அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தாள். சிங்கி அதற்குப் பிறகும் பல வருஷம் கடலூரில் எங்களோடு இருந்தது. அக்கா சேர நினைத்த காலேஜில் சேரவில்லை. உள்ளூரில் பி.எஸ்சி. படித்தாள், இன்றைக்கு நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள். மாமாவுக்கு நெய்வேலிப் பக்கம் ஒரு வேலை கிடைக்க ரொம்ப நாள் ஆயிற்று. இதெல்லாம் பின்னால் நடந்தவை.

அன்று காலை, அக்கா வருகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மாமா செருப்பை மாட்டினார். சிங்கியை எழுப்பிக் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டார். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அவகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?"

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வர்ற வழியில சொல்லிடலாம்னு பாக்கறேன். வீட்டுக்கு வந்துட்டா என்னால முடியாது."

"இருங்க, நானும் வர்றேன்."

நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். இருவரும் சந்தில் ஒருவர் பக்கத்தில் ஒருவராக நடந்தார்கள். சிங்கி முதல் மின்கம்பத்தில் நின்று காலைத் தூக்கியது. அவர்கள் நின்றார்கள். அடுத்து ஒரு சைக்கிள் சக்கரம். நின்றார்கள். அடுத்து சார் வீட்டுச் சுவர். அவசரப்படாமல், கயிற்றை இழுக்காமல், அது முடிக்கும்வரை இரண்டு பேரும் நின்றுவிட்டு, மறுபடி நடந்தார்கள்.